மதிலோரப் பாத்தியில் களை: எவ்வளவு கறாராக இருக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கோவையின் புறநகரில். கேட்டிலிருந்து கிணற்றடி வரை மதிலை ஒட்டி ஏறக்குறைய 40 அடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பூப்பாத்தி. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, கனகாம்பரம், இடையிடையே துளசி. வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு "களை எடுக்க நேரமில்லையா?" என்பார்கள். மீதிப் பேர் நான் பிடுங்கிப் போட்ட குவியலைப் பார்த்துவிட்டு "அய்யோ, இது மருந்துச் செடியாச்சே!" என்பார்கள். இரண்டு கட்சிக்கும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

களை என்றால் எது? நாம் வைக்காமல் முளைத்ததெல்லாம் களைதானே?

அப்படித்தான் நானும் ஆரம்பித்தேன். முதல் இரண்டு வருடம் நான் வைக்காத எதுவும் அந்தப் பாத்தியில் நிற்கக் கூடாது என்று உட்கார்ந்து உட்கார்ந்து பிடுங்கினேன். அப்புறம் ஒரு தை மாதத்துக்கு முந்தின நாள், காப்புக் கட்டுவதற்கு மார்க்கெட்டில் பூளைப்பூ ஒரு கட்டு விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. சிறுபீளை என்று எழுத்தில் சொல்கிற அதே செடியை ஐப்பசி முழுக்க வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டவள் நான். விநாயகர் சதுர்த்திக்கு அருகம்புல், எருக்கம்பூ, சிவனுக்குத் தும்பை, இதெல்லாம் அதே கதைதான். வருஷத்தில் 360 நாள் களை, நாலைந்து நாள் பூஜைப் பொருள்.

அதனால் இப்போது செடியின் பெயரை வைத்து நான் முடிவு செய்வதில்லை. அது எங்கே நிற்கிறது, யாரை நெருக்குகிறது, எவ்வளவு வேகமாகப் பரவும், பின்னால் பிடுங்க வந்தால் வருமா, இந்த நாலையும் பார்ப்பேன்.

ஒரு புல்கூட இல்லாமல் சுத்தமாக வைத்திருப்பதில் என்ன தப்பு?

தப்பே இல்லை. எங்கள் ஆத்தா வீட்டு வாசல் அப்படித்தான் இருக்கும், செம்மண் தரை, காலையில் சீமாறால் பெருக்கினால் கோடு கோடாகத் தெரியும். அதற்குக் காரணமும் உண்டு: பாம்பு வந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த நியாயம் இன்றும் மாறவில்லை. வாசற்படி, நடைபாதை, குழந்தைகள் விளையாடுகிற இடம், துணி துவைக்கிற கல், மீட்டர் பெட்டிக்குக் கீழே, இங்கெல்லாம் நான் மிகவும் கறார். கால் வைக்கும் இடத்தில் கணுக்கால் உயரப் புல்லுக்கு இடமில்லை.

ஆனால் நடக்கிற தரை வேறு, செடி வளர்கிற பாத்தி வேறு. பாத்தியைக் கொத்திச் சுத்தமாக வெறும் மண்ணாக விட்டால் சித்திரை வெயிலில் அது ஓடு மாதிரி இறுகிவிடும், மழை அடித்தால் மேல்மண் தெறித்து இலையெல்லாம் சேறாகும், ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். இன்னொன்று, பலருக்கு இது தெரிவதில்லை: மண்ணுக்குள் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும் களை விதைகளில் நிறையவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். நீங்கள் களைக்கொத்தால் ஆழமாகக் கிளறும்போது அடியில் கிடந்ததை மேலே கொண்டுவந்து வெளிச்சத்தில் காட்டுகிறீர்கள். "போன வாரம்தானே எடுத்தோம், அதுக்குள்ள இவ்வளவா?" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இது.

சரி, எதில் விட்டுக்கொடுக்கவே கூடாது?

என் பட்டியலில் முதலில் இருப்பது மதில் வெடிப்பில் முளைக்கும் அரசும் ஆலும்தான், பார்த்தீனியமும் கோரையும்கூட அதற்கு அப்புறம்தான். காக்கையும் குயிலும் பழத்தைத் தின்றுவிட்டு எச்சத்தோடு விதையைப் போட்டுப் போகும், இரண்டு இலை விட்டு அழகாக நிற்கும், அரசமரம் என்பதால் பிடுங்க மனசும் வராது. நாலு மாதம் போனால் வேர் செங்கல் இணைப்புக்குள் இறங்கிவிடும். அதற்கப்புறம் மேலே ஒடித்தால் கீழிருந்து மறுபடி துளிர்க்கும், முழுசாக எடுக்க வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும். பாவம் என்று தோன்றினால் சின்னதாக இருக்கும்போதே நனைத்து, வேர் அறாமல் உருவி ஒரு தொட்டியில் வைத்துவிடுங்கள், குளக்கரையில் நட யாராவது கேட்பார்கள்.

அடுத்து பார்த்தீனியம். இளசாக இருக்கும்போது செவ்வந்திக் கன்று மாதிரியே தெரியும், கேரட் இலை போலக் கிழிந்த இலை, பிறகு வெள்ளை வெள்ளையாகப் பொடிப் பூ. மெக்சிகோப் பக்கத்துச் செடி, இந்தியாவில் 1955 வாக்கில் புனே பக்கம் கண்ணில் பட்டது, கோதுமை இறக்குமதியோடு பரவியது என்று சொல்வார்கள். ஒரு செடியே பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு, மகரந்தத்தால் மூச்சு இழுப்பு. இதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து 1984இல் பெங்களூரில் விட்டார்கள், மழைக்காலத்தில் இலையைச் சல்லடையாக்கும், நல்ல வேலைக்காரன்தான். ஆனால் உங்கள் பாத்தியில் நாலு செடி இருந்தால் வண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பூ விடும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு எடுங்கள். பூத்துவிட்டதென்றால் உதறாமல் பையில் போடுங்கள்.

சீமைக் கருவேலம், வேம்பு போன்ற மரக்கன்றுகள் பாத்தியில் முளைத்தால் சாண் உயரத்திலேயே எடுத்துவிட வேண்டும். முழ உயரம் ஆனால் கடப்பாரை கேட்கும்.

கோரைக்குத் தனிக் கேள்வியே போட்டிருக்கிறேன், அது அவ்வளவு பெரிய தலைவலி.

கோரையைப் பிடுங்கினால் பத்து நாளில் திரும்ப வருகிறதே, என்னதான் செய்வது?

நீங்கள் பிடுங்குவது கோரையின் தலைமுடியை மட்டும்தான். கீழே முத்தக்காசு என்று நாட்டுமருந்துக் கடையில் விற்கிறார்களே, அந்தக் கருப்புக் கிழங்கு இருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது, மணி கோத்த மாதிரி போகும். இழுத்தால் தண்டு அறுந்து கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். மண்வெட்டியால் கண்டபடி வெட்டினால் இன்னும் மோசம், சங்கிலியாக இருந்தவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் தனித்தனியாகப் பிரிந்து ஒவ்வொன்றும் முளைக்கத் தொடங்கும். உலகத்திலேயே மோசமான களை என்று விவசாய விஞ்ஞானிகளே இதைச் சொல்வதுண்டு, சொல்லட்டும், நான் மறுக்க மாட்டேன்.

நான் செய்து பலன் கண்டது இது. தளிர் வந்து ஐந்தாறு இலை ஆவதற்குள் எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கீழே புதுக் கிழங்கு கட்ட ஆரம்பித்துவிடும். ஆக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடாமல். முழுக் கிழங்கும் வராவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் கிழங்கு தன் கையிருப்பைச் செலவழிக்கிறது, ஒரு கட்டத்தில் வற்றிவிடும். ஒரு சீசனில் முடியாது, இரண்டு வருஷம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு வழி, கோடை. வெறும் இடமாக இருந்தால் சித்திரையில் ஓரடி ஆழம் வெட்டிப் புரட்டி, தண்ணீர் காட்டாமல் காயவிடுங்கள். கிழங்குக்கு நனைந்த மண் பயமில்லை, காய்ச்சல்தான் பயம். உழவர்கள் கோடை உழவு போடுவதில் இதுவும் ஒரு கணக்கு. மூன்றாவது, நிழல். கோரைக்கு வெயில் வேண்டும். என் பாத்தியில் இட்லிப்பூ அடர்ந்து தரையை மூடிய பகுதியில் கோரை தானாகவே இளைத்து நூல் மாதிரி ஆகிவிட்டது. பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மெல்லிய ஷீட்டை அதன் முனை ஊசி மாதிரி குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். காசு போனது எனக்கு.

புதுப் பாத்தி போடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். எங்கள் வீட்டுக்குக் கோரை தானாக வரவில்லை, ஒரு லோடு செம்மண்ணோடு வந்தது. மண் இறக்கும் முன் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள்.

அருகம்புல் பிள்ளையாருக்கு ஆகும், பாத்தியில் விடலாமா?

"ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோம். எதற்கு வாழ்த்தினார்கள் என்பது பூப்பாத்தியில் அருகை ஒருமுறை விட்டுப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். தரைக்கு மேலே ஒரு தண்டு, தரைக்குக் கீழே ஒரு தண்டு, இரண்டும் கணுவுக்குக் கணு வேர் விடும். கனகாம்பரத்தின் தூருக்குள் புகுந்துவிட்டால் செடியைத் தோண்டி, மண்ணை உதறி, வேர்களுக்கு இடையே இருந்து உருவ வேண்டியிருக்கும்.

எனக்கும் சாமிக்கு வேண்டும். அதனால் கிணற்றடி மூலையில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில் அருகு வளர்க்கிறேன். தொட்டிக்குள் இருக்கிறவரை செல்லப்பிள்ளை, பாத்தியில் காலை வைத்தால் களை.

அப்படியென்றால் எதையெல்லாம் தாராளமாக விட்டுவைக்கலாம்?

வேர் ஆழம் போகாதவை, சின்னதாகவே நிற்பவை, ஒரு இழுப்பில் வந்துவிடுபவை. கீழாநெல்லி, தும்பை, புளியாரை, தாத்தாப்பூ, குப்பைமேனி. இவற்றில் எதுவும் செம்பருத்தியின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றுவிடாது. ஆனால் புதுசாக விதைத்த பாத்திக்கு இது பொருந்தாது. விரல் உயரக் கன்றுகள் நிற்கும் இடத்தில் முதல் ஒன்றரை மாதம் எதையும் விடக் கூடாது, களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்று சொல்வது அந்தப் பருவத்துக்குத்தான். செடி வேர் பிடித்து இடுப்பளவு ஆன பிறகு அதே கண்டிப்பு தேவையில்லை.

விட்டுவைப்பதில் லாபமும் உண்டு. தாத்தாப்பூ என்றால் பிள்ளைகள் தலையைச் சுண்டிவிட்டு விளையாடுவார்களே, வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்வார்கள், அது வருஷம் பூராவும் பூக்கும், சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். புளியாரை இலையைத் தின்றுதான் தரையோரமாகப் பறக்கும் ஒரு குட்டி நீல வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. மதிலுக்கு வெளியே நிற்கும் எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும். பூச்செடி வைத்தும் வண்ணத்துப்பூச்சி வரவில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் புழுவுக்குச் சோறு போடும் செடியையெல்லாம் பிடுங்கிவிட்டுத் தேனுக்கு மட்டும் ஏற்பாடு செய்தவர்கள்.

குப்பைமேனியைப் பிடுங்கும்போது ஒரு வேடிக்கை. வீட்டில் பூனை இருந்தால் அந்த வேரைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். முகர்ந்து, நக்கி, அதன்மேல் புரண்டு கொஞ்ச நேரம் வேறு உலகத்தில் இருக்கும்.

இதில் பாதி கீரைதானே? சாப்பிடலாமா?

சாப்பிடலாம், நாங்கள் சாப்பிடுகிறோம். மழை பிடித்து மூன்று வாரம் ஆனால் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை எல்லாம் ஒன்றாக வரும், கலந்து பறித்துச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் கடைந்தால் அன்றைக்குக் குழம்பு வேண்டாம். இது எனக்குக் களையெடுப்பில் பாதி சுமையைக் குறைக்கிறது, பறிப்பதும் களை எடுப்பதும் ஒரே வேலையாகிவிடுவதால்.

சில எச்சரிக்கைகள். சாக்கடை ஓரத்திலும், மருந்து அடித்த இடத்திலும், நாய் வருகிற இடத்திலும் பறிக்காதீர்கள். பருப்புக்கீரை, சாரணை, புளியாரை போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஒதுக்கிவிடுவது நல்லது. நூறு சதவீதம் அடையாளம் தெரியாததை வாயில் வைக்கவே வேண்டாம். கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரே பதில்தான்: கண் மஞ்சளானால் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

ஆள் வைத்து எடுத்தால் நல்ல செடியும் போய்விடுகிறதே?

போகும். ஒரு தடவை நான் ஊருக்குப் போயிருந்தபோது ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பாத்தி பளிச்சென்று இருந்தது. விழுந்து முளைத்த காசித்தும்பைக் கன்றுகள், துளசிக் குருத்துகள், கனகாம்பர நாற்று, அந்திமந்தாரை எல்லாம் குவியலில் வாடிக் கிடக்க, செம்பருத்தி தூரில் நின்ற கோரையை மட்டும் "ஏதோ புல்லு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேம்மா" என்று விட்டுவைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, பத்து நாள் வயதில் எல்லாக் கன்றும் இரண்டு இலைதான்.

இப்போது வேலை ஆரம்பிக்கும் முன் முதல் ஐந்து நிமிடம் நானும் கூட உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பிடுங்கிக் கையில் காட்டுவேன். காப்பாற்ற வேண்டிய நாற்றுக்குப் பக்கத்தில் ஈர்க்குச்சி குத்திவைப்பேன். நீங்களே எடுக்கிறீர்கள், அடையாளம் தெரியவில்லை என்றால் இன்னும் பத்து நாள் விடுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

களைக்கொல்லி அடித்தால் ஒரே நாளில் முடியுமே?

பூப்பாத்தியில் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ரவுண்டப் போன்றவற்றில் இருக்கும் கிளைபோசேட் களை எது, பூச்செடி எது என்று பார்க்காது, காற்றில் சாரல் பட்டாலே கனகாம்பரம் மஞ்சளாகிவிடும். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது, அதனால் வீட்டில் நாமே கலந்து அடிக்கிற பேச்சுக்கே இடமில்லை.

"இயற்கை முறை" என்று கல்லுப்பும் வினிகரும் கலந்து ஊற்றச் சொல்கிறார்களே, அது அதைவிடக் கொடுமை. உப்பு எங்கேயும் போகாது, மண்ணிலேயே தங்கும், களையோடு சேர்த்து அடுத்து வைக்கிற செடியையும் கெடுக்கும். தளக்கல் இடுக்கில் முளைக்கும் புல்லுக்குக் கொதிக்கிற தண்ணீர் போதும், மெதுவாக, காலில் படாமல்.

மூடாக்கு போட்டால் களை வராதா?

விதையிலிருந்து வருவது வெகுவாகக் குறையும், கிழங்கிலிருந்து வருவது குறையாது. காய்ந்த இலை, தேங்காய் மஞ்சி, வைக்கோல் எதுவானாலும் நாலு விரல் கனம் வேண்டும், பேருக்குத் தூவினால் பிரயோஜனம் இல்லை. செடியின் தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கரையான் உள்ள மண்ணில் சுவரை ஒட்டியும் போட வேண்டாம். வைக்கோலில் விதை இருந்தால் அதுவே ஒரு புதுக் களைத்தோட்டம், அது தனிச் சோகம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது?

ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை அரை மணி நேரம். மாசிக்கு அப்புறம் மாதம் ஒருமுறை. மழை விட்ட மறுநாள் காலை சிறந்த நேரம், வேர் வெண்ணெய் மாதிரி கழன்று வரும். சொதசொதவென்று இருக்கும்போது பாத்திக்குள் இறங்காதீர்கள், மிதித்த இடம் இறுகிவிடும். நேரமே இல்லாத வாரத்தில் ஒன்று மட்டும் செய்யுங்கள்: பூ வைத்திருப்பதன் தலையை மட்டும் கிள்ளி எடுங்கள். விதை விழாமல் தடுத்தாலே அடுத்த வருஷ வேலையில் பாதி குறைந்துவிடும்.

வீட்டுப் பெரியவர்கள் "காடு மாதிரி இருக்கு" என்கிறார்களே?

என் அத்தையும் சொன்னார்கள். நான் செய்தது, பாத்தியின் முன்ஓரத்தில் செங்கல்லைச் சாய்த்து ஒரு வரிசை பதித்து, அந்த ஓரத்திலிருந்து ஒரு சாண் அகலத்தை மட்டும் துளி புல் இல்லாமல் வைத்தேன். உள்ளே தும்பையும் கீழாநெல்லியும் அப்படியே நின்றன. "இப்பத்தான் பாக்க நல்லாருக்கு, எல்லாத்தையும் எடுத்துட்டியா?" என்று கேட்டார்கள். ஆமாம் அத்தை என்று சொல்லிவிட்டேன்.

நர்சரியில் வாங்கிய செடியே களையாகுமா?

ஆகும். காடுகளை அடைத்து நிற்கிற உண்ணிச்செடி 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாகத்தான் வந்தது. இன்று அதே வேலையைச் சின்ன அளவில் வெடெலியா செய்கிறது, மஞ்சள் பூ, பளபளப்பான இலை, தரை மூடும் என்று சொல்லி விற்பார்கள். மூடும், பக்கத்துச் செடியையும் சேர்த்து. இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துச் சமைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு செடி. வெடெலியா இலையின் ஓரம் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும்.

பட்டாசுக்காய்ச் செடி விஷயத்தில் மட்டும் எனக்கு நெஞ்சுரம் இல்லை. ஊதாப் பூ, காய்ந்த காயை எச்சில் தொட்டு வைத்தால் டப்பென்று வெடிக்கும். அப்படி வெடித்துத்தான் பாத்தி முழுக்கப் பரவுகிறது என்று தெரிந்தும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் காய் தேடி வருகிறார்கள் என்பதால் மூன்று செடி விட்டிருக்கிறேன்.

பிடுங்கியதை எங்கே போடுவது?

பூக்காதது, விதைக்காதது எல்லாம் அங்கேயே செடிக்கு அடியில் போடலாம், காய்ந்து மூடாக்காகிவிடும். கோரைக் கிழங்கையும் அருகம் வேரையும் உரக்குழியில் போடாதீர்கள், அங்கே ராஜபோகமாக வளரும். மொட்டை மாடித் தளத்தில் ஒரு வாரம் வெயிலில் வறுத்த பிறகு போடுங்கள். பருப்புக்கீரை விஷயத்தில் கூடுதல் கவனம்: அதன் தண்டில் அவ்வளவு நீர் இருக்கிறது, பிடுங்கிப் பாதையில் போட்டால் வாடின மாதிரி நடித்துக்கொண்டே விதையை முற்ற வைக்கும், நடுவில் ஒரு மழை பெய்தால் கிடந்த இடத்திலேயே வேர் விட்டு எழுந்துவிடும். அதைப் போடுகிற இடம் சட்டிதான்.